கிபுட்ஸில் தன்னார்வலராகச் சேர எண்ணுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

1910-ஆம் ஆண்டில் கின்னெரெத் ஏரியின் (கலிலேயாக் கடலின்) தென்கரையில் பத்து ஆண்களும் இரண்டு பெண்களும் சேர்ந்து தெகானியா என்ற குடியிருப்பைத் தொடங்கினார்கள். நிலம், கருவிகள், வருமானம், சமையல் என அனைத்தையும் பொதுவில் வைத்து, ஒவ்வொருவரும் இயன்ற அளவு உழைத்து, தேவையான அளவு பெற்றுக்கொள்வது என்ற ஏற்பாட்டில் எழுந்த முதல் கிபுட்ஸ் அதுவே. இன்று இஸ்ரேலில் சுமார் 270 கிபுட்ஸுகள் இருக்கின்றன. 1967-ஆம் ஆண்டு அரபு-இஸ்ரேல் போருக்குப் பின் வெளிநாட்டு இளைஞர்கள் தன்னார்வலர்களாக அங்கே செல்லும் வழக்கம் பெருகியது. அன்றுமுதல் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு தங்கி உழைத்திருக்கிறார்கள். அத்தகைய குடியிருப்பு ஒன்றில் சில மாதங்கள் வாழ்ந்து வேலை செய்ய விரும்பும் புதியவர்கள் எந்த வரிசையில் எதைச் செய்ய வேண்டும் என்பதை இங்கே சொல்கிறேன்.

முதலில், எத்தகைய கிபுட்ஸ் என்று கேட்டறியுங்கள்

புதியவர்களுக்கு ஏற்படும் ஏமாற்றங்களுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு: ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய கிபுட்ஸை மனத்தில் வரித்துக்கொண்டு இன்றைய கிபுட்ஸுக்குப் போகிறார்கள். 1980-களில் இஸ்ரேலை உலுக்கிய பணவீக்கமும், 1985-இல் அரசு கொண்டுவந்த பொருளாதாரச் சீரமைப்பைத் தொடர்ந்து ஏறிய வட்டிச்சுமையும் கிபுட்ஸுகளைக் கடனில் மூழ்கடித்தன. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகப் பல கிபுட்ஸுகள் உறுப்பினர்களுக்கு வேலைக்கு ஏற்ற ஊதியம் வழங்கும் முறைக்கு மாறின. தாய்க் கிபுட்ஸ் என்று போற்றப்படும் தெகானியாவே 2007-இல் அம்முறையை ஏற்றுக்கொண்டது. இவ்வாறு மாறியவற்றைப் 'புதுப்பிக்கப்பட்ட' கிபுட்ஸுகள் என்றும், பழைய சமபங்கு முறையைத் தொடர்பவற்றைப் 'பகிர்வு' கிபுட்ஸுகள் என்றும் அழைக்கிறார்கள். பெரும்பான்மை முதல் வகையைச் சேர்ந்தவை.

நீங்கள் செல்லவிருப்பது எந்த வகை என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. பொது உணவுக்கூடம் நாளுக்கு எத்தனை வேளை திறந்திருக்கிறது, உறுப்பினர்கள் அங்கே பணம் செலுத்தி உண்கிறார்களா என்ற இரண்டு கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள். மூன்று வேளையும் திறந்திருந்தால் அங்கே பொதுவாழ்வு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று கொள்ளலாம். மதிய உணவு மட்டும், அதுவும் விலைக்கு என்றால், உறுப்பினர்கள் மாலையில் தத்தம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும் ஒரு பசுமையான புறநகரை எதிர்பார்த்துச் செல்லுங்கள். அது தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கூட்டுவாழ்வைப் பார்க்க வேண்டும் என்ற நோக்கத்துடன் போகிறவருக்கு அது போதாது. நாட்டின் தெற்கே பாலைநிலமான அரவா பள்ளத்தாக்கில் உள்ள சாமார் என்ற சிறிய கிபுட்ஸ், யாருக்கு எந்த வேலை என்று மேலிருந்து பட்டியல் போடாமல் உறுப்பினர்களின் விருப்பத்துக்கே விட்டுவிடுவதற்குப் பெயர் பெற்றது. அத்தகைய விதிவிலக்குகளும் இருப்பதால், ஒரு கிபுட்ஸைப் பற்றிக் கேட்டதை மற்றொன்றுக்குப் பொருத்தாதீர்கள்.

மோஷாவ் என்ற சொல்லும் உங்கள் தேடலில் அடிக்கடி எதிர்ப்படும். அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி நிலமும் தனி வருமானமும் உண்டு. கொள்முதலும் விற்பனையும்தான் கூட்டாக நடக்கும். மோஷாவில் உங்களுக்கு வேலை தருபவர் ஒரு விவசாயக் குடும்பத்தின் தலைவர். கிபுட்ஸில் வேலை தருவது ஒரு குழு. அன்றாட வாழ்வில் இது மிகப் பெரிய வேறுபாடு.

யூத மதநெறியைக் கடைப்பிடிக்கும் கிபுட்ஸுகள் சில உள்ளன. பெத் ஷெயான் சமவெளியில் உள்ள தீரத் ஸ்வி, ஸ்தே எலியாஹு ஆகியவை அவ்வகையைச் சேர்ந்தவை. அங்கே உணவிலும் உடையிலும் ஓய்வுநாளிலும் கட்டுப்பாடு கூடுதல். இயற்கை வேளாண்மையில் ஆர்வமுள்ளவர்கள் அதையும் பொறுத்துக்கொண்டு ஸ்தே எலியாஹுவைப் பற்றி விசாரிப்பது நல்லது. பயிர்ப்பூச்சிகளை உண்ணும் நல்ல பூச்சிகளை வளர்த்து விற்பதும், வயலெலிகளைக் கட்டுப்படுத்த ஆந்தைகளுக்குக் கூடு அமைத்துக் கொடுப்பதும் அங்கே பல்லாண்டுகளாக நடந்துவருகின்றன.

அடுத்து, வரைபடத்தைப் பாருங்கள்

2023 அக்டோபர் 7 அன்று காஸா எல்லையை ஒட்டிய பெஎரி, நிர் ஓஸ், க்ஃபார் அஸா முதலிய கிபுட்ஸுகள் தாக்கப்பட்டன. கொல்லப்பட்டவர்களிலும் பிணைக்கைதிகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களிலும் அந்நாட்டவர் மட்டுமல்லாமல், தாய்லாந்து விவசாயத் தொழிலாளர்களும் பயிற்சிக்கு வந்திருந்த நேபாள மாணவர்களும் இருந்தார்கள். அதைத் தொடர்ந்து காஸாவில் நடந்த போரில் பல்லாயிரக்கணக்கான பாலஸ்தீனர்கள் உயிரிழந்தார்கள். வடக்கே லெபனான் எல்லைக் கிபுட்ஸுகளும் நீண்ட காலம் காலிசெய்யப்பட்டிருந்தன. ஆகவே எல்லைக்கும் கிபுட்ஸுக்கும் உள்ள தொலைவை அளந்து பார்ப்பதும், உங்கள் நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் பயண அறிவுரையைப் படிப்பதும் விமானச் சீட்டு வாங்குவதற்கு முன் செய்யவேண்டியவை. செல்ல வேண்டாம் என்று அறிவுரை இருக்கும்போது பயணக் காப்பீடு செல்லாமல் போகக்கூடும். ஒப்பந்தத்தில் போர் தொடர்பான விலக்குகளை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள்.

வரைபடத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மெரோம் கோலான் என்ற கிபுட்ஸ் 1967-இல் சிரியாவிடமிருந்து கைப்பற்றப்பட்ட கோலான் குன்றுகளிலும், சாக்கடலின் வடகரையில் உள்ள காலியா, அல்மோக் என்ற கிபுட்ஸுகள் அதே ஆண்டில் கைப்பற்றப்பட்ட மேற்குக்கரை என்னும் பாலஸ்தீனப் பகுதியிலும் அமைந்தவை. இஸ்ரேலுக்கும் அண்டை அரபு நாடுகளுக்கும் இடையே வரையப்பட்ட 1949-ஆம் ஆண்டுப் போர்நிறுத்தக் கோட்டுக்கு உட்பட்ட கிபுட்ஸுகளிலும், 1948-இல் மக்கள் வெளியேறிய அல்லது வெளியேற்றப்பட்ட பாலஸ்தீனக் கிராமங்களின் நிலத்தைப் பயிரிடுபவை உண்டு. நீங்கள் எந்த மண்ணில் நின்று வேலை செய்யப் போகிறீர்கள் என்பதை அறிந்து, மனம் ஒப்பினால் செல்லுங்கள். அங்கே போய்ச் சேர்ந்தபின் அறிந்து வருந்துவதைவிட அதுவே நேர்மையானது.

ஆவணங்கள்

தன்னார்வலர்களுக்கான நுழைவிசைவு (விசா) பி/4 என்ற வகையைச் சேர்ந்தது. சுற்றுலா நுழைவிசைவில் சென்று வேலை செய்வது சட்டமீறல். அகப்பட்டால் நாடுகடத்தப்படுவதோடு மீண்டும் நுழையவும் தடை வரலாம். பொதுவாக 18 முதல் 35 வயது வரையிலானவர்களை, குறைந்தது இரண்டு மாதங்கள் தங்குவார்கள் என்ற உறுதியின் பேரில் சேர்த்துக்கொள்கிறார்கள். விண்ணப்பங்களை டெல் அவிவில் உள்ள கிபுட்ஸ் தன்னார்வலர் அலுவலகம் கையாளுகிறது. பதிவுக் கட்டணம், காப்பீடு, மருத்துவச் சான்று ஆகியவற்றைப் பற்றி அவர்களிடமே நேரடியாகக் கேளுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்கள் நுழைவிசைவைப் புறப்படும் முன்பே பெற வேண்டும். தென்னிந்தியர்களுக்கு இஸ்ரேலியத் துணைத் தூதரகம் பெங்களூருவில் இருக்கிறது. எந்தெந்த நாட்டவரைத் திட்டத்தில் ஏற்கிறார்கள் என்பது காலத்துக்குக் காலம் மாறுவதால், பிற ஏற்பாடுகளில் இறங்கும் முன் உங்கள் குடியுரிமையைக் குறிப்பிட்டு எழுத்தில் பதில் பெற்றுக்கொள்ளுங்கள். மலேசியத் தமிழர்களுக்கு இந்த வழி ஏறத்தாழ அடைபட்டதே. மலேசியக் கடவுச்சீட்டு இஸ்ரேல் தவிர்த்த பிற நாடுகளுக்கே செல்லும் என்று அதிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது.

இதில் ஒரு எச்சரிக்கை. கிபுட்ஸில் மாதச் சம்பளத்துக்கு வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி யாரேனும் பெருந்தொகை கேட்டால் விலகிவிடுங்கள். 2023-இல் இந்தியாவும் இஸ்ரேலும் கையெழுத்திட்ட தொழிலாளர் ஒப்பந்தம் கட்டுமானத்தையும் முதியோர் பராமரிப்பையும் பற்றியது. தன்னார்வலர் திட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. தன்னார்வலருக்குக் கிடைப்பது அறை, உணவு, சலவை, சிறு கைச்செலவுப் பணம் ஆகியவை மட்டுமே. ஊருக்குப் பணம் அனுப்பும் கணக்கோடு போகிறவர்களுக்கு உரிய இடம் இதுவன்று.

விமான நிலையத்தில் பாதுகாப்பு அலுவலர்கள் நிறையக் கேள்விகள் கேட்பார்கள். யார் அழைத்தார்கள், எங்கே தங்குவீர்கள், எவ்வளவு நாள் என்பன மீண்டும் மீண்டும் வரும். கிபுட்ஸின் அழைப்புக் கடிதத்தை அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள், பதில்களைச் சுருக்கமாக, ஒரே மாதிரி சொல்லுங்கள், எரிச்சலைக் காட்டாதீர்கள்.

எடுத்துச் செல்ல வேண்டியவை

பருவத்தைப் பார்த்து மூட்டை கட்டுங்கள். அரவாவில் கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடக்கே கலிலேயாவில் குளிர்மழை பெய்யும். தன்னார்வலர் அறைகள் பழையனவாகவே இருக்கும் என்பதால் கம்பளிச் சட்டையும் தடித்த காலுறையும் அவசியம். வேலைக்கான உடையும் காலணியும் பல கிபுட்ஸுகளில் தருவார்கள் என்றாலும், சிறிய அல்லது மிகப் பெரிய கால் அளவு உள்ளவர்கள் கணுக்காலை மூடும் காலணி ஒன்றைத் தாமே கொண்டுபோவது நல்லது. அகன்ற விளிம்புத் தொப்பியை மறக்க வேண்டாம். மசாலாப் பொடியும் ஊறுகாயும் கொண்டுசெல்லலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: கொஞ்சமாக, இறுக மூடிய பொட்டலத்தில் கொண்டுபோங்கள், முதல் மாதத்தில் அது உங்களைக் காப்பாற்றும்.

சேர்ந்த முதல் நாள்

உங்களை எதிர்கொள்பவர் தன்னார்வலர் பொறுப்பாளர். அறை, படுக்கை விரிப்பு, வேலை உடை, சலவை எண் ஆகியவற்றை அவரே தருவார். சலவை எண் அற்பமாகத் தோன்றும். ஆனால் நூற்றுக்கணக்கானவர்களின் துணி ஒரே கூடத்தில் துவைக்கப்படும் இடத்தில், எண் தைக்காத சட்டை திரும்பி வராது. அன்றே மூன்று இடங்களை நேரில் சென்று பாருங்கள்: அறைக்கு மிக அருகில் உள்ள பாதுகாப்பறை, மருந்தகம், வேலைப் பட்டியல் ஒட்டப்படும் பலகை. அபாயச் சங்கு ஒலித்தால் பாதுகாப்பறைக்குச் செல்ல உங்களுக்கு எத்தனை விநாடிகள் உண்டு என்பது பகுதிக்குப் பகுதி மாறும். அதைப் பொறுப்பாளரிடம் கேட்டு மனத்தில் இருத்துங்கள். எல்லைக்கு மிக அருகில் அது பதினைந்து விநாடி, அல்லது அதற்கும் குறைவு.

வேலை

கிபுட்ஸின் அன்றாடத்தை ஆளுவது வேலைப் பட்டியல்தான். வேலைப் பங்கீட்டாளர் என்பவர் ஒவ்வொரு மாலையும் எந்தப் பிரிவுக்கு எத்தனை கைகள் தேவை என்று கணக்கிட்டு மறுநாள் பட்டியலை வெளியிடுவார். சில இடங்களில் இப்போது அது கைப்பேசிக் குழுவில் வருகிறது. அவரோடு வாதாடுவதைப் போன்ற வீண்வேலை வேறில்லை. முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குப் புதியவர்கள் பாத்திரம் கழுவுதல், உணவுக்கூடத் தரை துடைத்தல், சலவை மடித்தல் முதலியவற்றில்தான் போடப்படுவார்கள். அதைத் தண்டனையாக எண்ணிச் சலித்துக்கொள்பவர்களைப் பிரிவுத் தலைவர்கள் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். பால்பண்ணைக்கோ பேரீச்சந்தோப்புக்கோ ஓர் ஆள் தேவைப்படும்போது, நேரத்துக்கு வந்து முணுமுணுக்காமல் பாத்திரம் கழுவியவரைத்தான் அவர்கள் கேட்டு வாங்குவார்கள். விரும்பும் பிரிவுக்குச் செல்ல மனு எழுதுவதைவிட இது விரைவான வழி.

வயல் வேலை கோடையில் விடியும் முன்பே தொடங்கும். இரண்டு மூன்று மணி நேர உழைப்புக்குப் பின் காலை உணவு. நண்பகல் வெயில் முற்றி வரும்போது வேலை முடியும். வாரத்துக்கு ஆறு நாள் என்பதே பழைய வழக்கம். முந்திய இரவு தாமதமாகப் படுத்தேன் என்ற சமாதானத்தை எங்கும் ஏற்கமாட்டார்கள். வரமுடியாத அளவு உடல்நலமில்லை என்றால் பிரிவுத் தலைவருக்கு வேலை தொடங்கும் முன் சொல்லி, மருந்தகத்துக்குச் செல்ல வேண்டும்.

பால்பண்ணை ஒரு தனி உலகம். இஸ்ரேலியக் கலப்பினப் பசு ஆண்டுக்கு 10,000 லிட்டருக்கும் மேல் கறக்கிறது. நம் ஊர்த் தொழுவத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு முதலில் நம்பிக்கை வராது. பல பண்ணைகளில் நாளுக்கு மூன்று முறை கறவை நடக்கும். ஒன்று நள்ளிரவை ஒட்டி வரும். ஒவ்வொரு பசுவின் காலிலும் கட்டப்பட்ட மின்னணுப் பட்டை அது நடக்கும் அடிகளை எண்ணி, சினைப்பருவத்தைக் கணினிக்கு அறிவிக்கிறது. இத்தகைய கருவிகளை உருவாக்கியதில் அஃபிகிம் என்ற கிபுட்ஸுக்கு முன்னோடி இடம் உண்டு. புதியவர் கற்க வேண்டியது சிலதே: காம்பைத் துடைத்தல், முதல் பீச்சலைக் கையால் எடுத்துப் பார்த்தல், கருவி பொருத்துதல், கறந்தபின் காம்பை அயோடின் கரைசலில் நனைத்தல். ஆனால் ஒரு விதியை மட்டும் தூக்கத்திலும் மறக்கக்கூடாது. மருந்து ஏற்றப்பட்ட பசுவுக்கு அடையாளம் இட்டிருப்பார்கள். அதன் பாலைத் தனியாகவே எடுக்க வேண்டும். அது பொதுத் தொட்டியில் கலந்தால் தொட்டி முழுவதையும் கொட்ட நேரும். ஐயம் வந்தால் கறவையை நிறுத்திவிட்டு மூத்தவரைக் கூப்பிடுங்கள். அதற்காக யாரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள்.

பேரீச்சையில் வேலை ஆண்டு முழுவதும் உண்டு. பனையைப் போலவே இதிலும் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி என்பதால், குளிர்காலம் முடிந்து பாளை வெடிக்கும் பருவத்தில் ஆண் பாளையின் மகரந்தத்தைச் சேகரித்துப் பெண் பாளைகளில் மனிதர்களே தூவுகிறார்கள். மஜ்தூல் வகையில் காய் பிடித்தபின் பெரும்பகுதிப் பிஞ்சுகளைக் கிள்ளி எறிந்து, எஞ்சியவை பெருக்க இடம்விடுவார்கள். பழுக்கும் முன் குலைகளுக்கு வலைப்பை கட்டுவார்கள். ஆகஸ்ட் இறுதியிலிருந்து அக்டோபர் வரை அறுவடை நடக்கும். எல்லாமே இயந்திரம் தூக்கும் உயர்மேடையில் நின்று செய்யும் வேலைகள். மட்டையின் அடிமுள் ஆழமாகக் குத்தும். கையுறையும் கண்ணாடியும் அணியாமல் ஏறாதீர்கள், இடுப்புப் பட்டையைக் கொக்கியில் மாட்டாமல் மேடையை உயர்த்த விடாதீர்கள். உயரம் கண்டு தலைசுற்றுபவர்கள் வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பழம் தரம் பிரிக்கும் கூடத்தில் அவர்களுக்கு வேலை இருக்கும்.

வெண்ணெய்ப்பழம், எலுமிச்சை வகைகள், வாழை, கோழிப்பண்ணை, மீன்குளம் எனப் பிற பிரிவுகளும் இடத்துக்கு ஏற்ப உண்டு. ஆனால் பல கிபுட்ஸுகளில் வருமானத்தின் பெரும்பங்கு இன்று ஆலையிலிருந்தே வருகிறது என்பதால், தன்னார்வலரும் நெகிழிக் குழாய் வார்க்கும் இயந்திரத்தின் அருகே நிற்க நேரலாம். இன்று நம் ஊர்த் தென்னந்தோப்புகளிலும் கரும்புக் கொல்லைகளிலும் பரவியிருக்கும் சொட்டுநீர்ப் பாசனத்தை வணிக அளவில் தயாரிக்கத் தொடங்கியது 1965-இல் தெற்கே நெகேவ் பாலைநிலப் பகுதியின் ஹத்ஸெரிம் என்ற கிபுட்ஸ்தான். மண்ணில் வேலை செய்யவே வந்தேன் என்பவர்கள் விண்ணப்பத்திலேயே அதைக் குறிப்பிட்டு, எந்த மாதத்தில் எந்தப் பயிருக்கு ஆள் தேவை என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உணவுக்கூடமும் ஓய்வுநாளும்

காலையில் ரொட்டி, முட்டை, பலவகைப் பாலாடைக்கட்டி, ஒலிவக்காய், பொடியாக நறுக்கிய வெள்ளரி தக்காளி ஆகியவை இருக்கும். மதிய உணவே பெரிய உணவு. காய்கறி உண்பவர்கள் கொண்டைக்கடலை மசியலும் எள் விழுதும் கத்தரிக்காயும் கொண்டு நன்றாகவே சமாளிக்கலாம். சோறும் பெரும்பாலான நாள்களில் இருக்கும். தட்டைத் தாமே எடுத்து, தேவையானதைத் தாமே பரிமாறி, உண்டபின் மிச்சத்தைப் பிரித்துப் போட்டுத் தட்டைக் கழுவுமிடத்தில் சேர்ப்பது அனைவருக்கும் பொது. தன்னார்வலர்கள் தம் நாட்டவரோடு ஒரே மேசையில் ஒட்டிக்கொள்வது இயல்பு. வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது அந்த மேசையை விட்டு, உடன் வேலை செய்யும் முதியவர் அருகில் அமருங்கள். கிபுட்ஸின் வரலாறும் சண்டைகளும் அங்கேதான் பேசப்படும். குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனி இல்லத்தில் வளர்த்த பழைய முறை சரியா தவறா என்ற வாதம் இன்னும் முடிந்தபாடில்லை.

வெள்ளிக்கிழமை மாலை முதல் சனிக்கிழமை இரவு வரை ஓய்வுநாள். பேருந்துகள் பெரும்பாலான இடங்களில் ஓடாது, கடைகள் மூடியிருக்கும்; கிபுட்ஸ் கடையில் வாங்க வேண்டியதை வெள்ளிக்கிழமை முற்பகலுக்குள் வாங்கிவிடுங்கள். வெள்ளி இரவு விருந்துக்கு வெண்சட்டை அணிவது பல கிபுட்ஸுகளில் வழக்கம். ஷவுவோத் என்ற அறுவடைத் திருநாளில் அவ்வாண்டின் முதல் விளைச்சலை டிராக்டர்களில் அலங்கரித்து ஊர்வலம் விடுவார்கள். தங்கும் மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடியுமானால் மே, ஜூன் மாதங்களில் வரும் அந்நாளை உள்ளடக்கித் தேர்ந்தெடுங்கள்.

உங்கள் இடம் எது

கிபுட்ஸின் முடிவுகளை உறுப்பினர்களின் பொதுக்கூட்டம் எடுக்கிறது. தன்னார்வலருக்கு அதில் வாக்கில்லை. உறுப்பினராவதற்கு முதலில் நாட்டில் நிலையாகத் தங்கும் உரிமையும், அதன்பின் ஓராண்டோ அதற்கு மேலோ நீளும் தகுதிகாண் காலமும், பொதுக்கூட்டத்தின் வாக்கெடுப்பும் தேவை. நம் நாட்டிலிருந்து செல்பவர்கள் அந்த எண்ணத்தோடு திட்டமிட வேண்டாம். குறை இருந்தால் பொறுப்பாளரிடம் தனியாகச் சொல்லுங்கள். உணவுக்கூடத்தில் உரக்கச் சொன்ன குறை மாலைக்குள் ஊர் முழுவதும் பரவி, அதன்பின் தீர்க்கப்படாமலே கிடக்கும்.

தோப்பில் உங்களோடு தாய்லாந்துத் தொழிலாளர்களும் வேலை செய்வார்கள். அவர்கள் ஊதியத்துக்காக ஆண்டுக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து வந்தவர்கள். சமத்துவத்தின் பெயரால் எழுந்த குடியிருப்பில் உறுப்பினர், கூலியாள், தன்னார்வலர் என்ற மூன்று படிநிலைகள் இருப்பதைக் கண்ணால் காண்பீர்கள். இதைப் பற்றி உறுப்பினர்களுக்குள்ளேயே கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. வேலையில் அந்தத் தாய்லாந்துத் தொழிலாளர்களின் கைத்திறன் உங்களைவிடப் பல மடங்கு மேம்பட்டது என்பதை ஏற்று, கத்தி பிடிப்பது முதல் ஏணி சாய்ப்பது வரை அவர்களிடமே கற்றுக்கொள்ளுங்கள்.

புறப்படும்போது

நுழைவிசைவு முடியும் நாளுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே பொறுப்பாளரிடம் தெரிவித்தால், வேலைப் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை முறையாக எடுப்பார்கள். சேர்த்துவைத்த விடுப்பு நாள்கள் இருந்தால் அவற்றை எருசலேமையும் கலிலேயாவையும் காண்பதற்குப் பயன்படுத்தலாம். ஆனால் நுழைவிசைவுக் காலத்துக்குள் அவை அடங்க வேண்டும். கிபுட்ஸ் கடைக் கணக்கைத் தீர்த்து, அறைச் சாவியையும் படுக்கை விரிப்பையும் வேலை உடைகளையும் ஒப்படையுங்கள். வேலை செய்த பிரிவையும் காலத்தையும் குறித்து ஒரு சான்றுக் கடிதம் கேட்டுப் பெறுங்கள். வேளாண்மையோ கால்நடையோ படிக்க எண்ணுபவர்களுக்கு அது பயன்படும். ஒப்படைத்த பொருள்களின் பட்டியலில் பொறுப்பாளரின் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.